தாமோதரம்பிள்ளையின் கல்வியும் உத்தியோகங்களும்

சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) என்னும் பெயர் தமிழ் பயில்வோரிடையே பதிப்பாசிரியர் ஒருவரின் பெயராகவே நிலைபெற்றுள்ளது. தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களையும், கலித்தொகையையும், வீரசோழியத்தையும் அச்சேற்றியவர் என்ற அளவிலேயே இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை அறிமுகஞ் செய்கின்றன. அவ்வறிமுகம் பிழையானதன்று. எனினும், பதிப்புத்துறை அவருடைய சீவனோபாயமாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் ஆசிரியராகவும், பத்திரிகாசிரியராகவும், அரசாங்கக் கணக்குச்சாலை உத்தியோகத்தராகவும், வழக்கறிஞராகவும், நீதிபதியாகவும் ஊதியம் பெற்று வாழ்ந்தவர். எப்பணிக்காக அவர் இன்று நினைக்கப்படுகின்றாரோ, அப்பணிக்கு எவரும் அவருக்குச் சம்பளம் வழங்கவில்லை.

யாழ்ப்பாணச் சமூகத்திலே கல்விக்கும் உத்தியோகத்துக்கும் உள்ள உறவு பலராலும் எடுத்துக் கூறப்பட்டதொன்று. கல்வி உத்தியோகத்துக்கு வழி. உத்தியோகம் கிடைத்ததும் கல்வி முற்றுப்பெற்றது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேரூன்றி, பின்வந்த தலைமுறைகளிலும் வலுப்பெற்றது. தாமோதரம்பிள்ளை அவ்வழியை விலக்கிச் சென்றவர் அல்லர். அதிலே இறுதிப் படிவரை ஏறியவர். ஆயினும் ஒவ்வொரு படியிலும் அவர் மாணவராகவே இருந்தார். அன்றியும், உத்தியோகங்களிலே பெற்ற பயிற்சியைத் தமிழ்க் கல்விக்குத் திருப்பிக் கொணர்ந்தார். அவருடைய பல்வேறு தொழில்களையும் தனித்தனியே எண்ணிப் போற்றுவதிலும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்தன என்பதை ஆராய்வதே பயனுடையது.

இருவகைக் கல்வி

தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே வைரவநாதபிள்ளையின் மைந்தராகப் பிறந்தார். இளமையிலே அவர் பெற்ற கல்வி இரு மரபுகளைச் சார்ந்தது. ஒன்று, சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் பயின்ற தமிழிலக்கிய இலக்கணக் கல்வி. ஆசிரியர் வாய்மொழியாகப் பாடஞ் சொல்ல, மாணாக்கர் கேட்டு நெட்டுருப் பண்ணி, ஏட்டைப் பார்த்துப் பொருள் தெளியும் முறை அது. மற்றையது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளிற் கிடைத்த புதுவகைக் கல்வி.

1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி அக்காலத்துக்கு உயர்தரமான நிறுவனமாகும். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், தருக்கம் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. மாணாக்கர் அங்கேயே தங்கிப் பயின்றனர். மிஷனுக்குப் பொருளுதவி புரிந்த அமெரிக்கர்களின் பெயர்கள் மாணாக்கருக்கு இடப்படும் வழக்கமும் இருந்தது. தாமோதரம்பிள்ளைக்கும் கிங்ஸ்பரி என்ற பெயர் வழங்கியது. 1844 முதல் 1852 வரை அவர் அங்கு பயின்றார். கிறித்தவச் சூழலிலே வளர்ந்த அவர் பிற்காலத்திலே சைவராக வாழ்ந்தார். சமய நிலை மாறியபோதும், செமினரியிலே பெற்ற அறிவுப் பயிற்சியை அவர் கைவிடவில்லை.

செமினரியின் முடிவும் இங்கு நோக்கத்தக்கது. 1855இல் அது மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணாக்கர் திருச்சபைப் பணியை நாடாது அரசாங்க உத்தியோகங்களையும் பிற தொழில்களையும் நாடிச் செல்கின்றனர் என்பது மிஷன் மேலிடத்தார் கண்ட குறைகளுள் ஒன்று. நிறுவியவர்களின் நோக்கில் அது தோல்வியாயிருக்கலாம். தமிழியலின் நோக்கிலே அத்தோல்வியின் விளைவுகளுள் ஒருவர் தாமோதரம்பிள்ளை.

ஆசிரியர், பத்திரிகாசிரியர், பட்டதாரி

செமினரியை விட்டு நீங்கியதும் தாமோதரம்பிள்ளை கோப்பாயிலே ஆசிரியரானார். இருபதுகளின் தொடக்கத்திலேயே குமரகுருபர சுவாமிகளின் நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் வெளியிட்டார். பின்னாளிற் பெருகிய பதிப்பு முயற்சிக்கு இச்சிறு நூல் தோற்றுவாயாயிற்று. அது ஓர் ஆசிரியரின் தேவையிலிருந்து பிறந்த நூல் என்பதைக் கருதுதல் வேண்டும். வகுப்பிலே ஒரு நூலைக் கற்பிப்பவனுக்குப் பிழையற்ற பாடமும் தெளிவான உரையும் இன்றியமையாதன.

அக்காலத்திலே சென்னையில் இருந்த பேர்சிவல் பாதிரியார், முன்னர் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனைச் சார்ந்து பணியாற்றியவர். ஆறுமுகநாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். சென்னையிலே அவர் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்துவதற்குத் தாமோதரம்பிள்ளையை அழைத்தார். யாழ்ப்பாணத்து இளைஞர் இவ்வாறு சென்னையை அடைந்தார். பத்திரிகை நடத்தியதோடு ஐரோப்பியருக்குத் தமிழ் கற்பிக்கும் பணியிலும், சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் போதிக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

1857இலே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது கலைமாணித் தேர்விலே தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றையவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்தவர்கள் என்ற செய்தி ஈழத்தவர்களாற் பெருமையுடன் பேசப்படுவதாகும். ஆனால் அதனுள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. விசுவநாதபிள்ளை செமினரியிலே தாமோதரம்பிள்ளைக்குக் கற்பித்தவர். வீசகணிதம் என்னும் நூலை 1855இல் தமிழில் வெளியிட்ட கணித வல்லுநர். தாமோதரம்பிள்ளையிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வுக்கு அமர்ந்து ஒருங்கே பட்டம் பெற்றனர். கற்பித்து முடித்தவன் கற்றுமுடித்தவன் அல்லன் என்ற மனப்பான்மை அக்கல்விச் சூழலிலே இருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கணக்கும் சட்டமும்

பட்டம் பெற்றபின் தாமோதரம்பிள்ளை கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிலே உதவியாசிரியராகச் சில காலம் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குச்சாலையிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து அதன் விசாரணைக் கர்த்தர் பதவியை எய்தினார். 1882இல் உபகாரச்சம்பளத்துடன் இளைப்பாறும்வரை இதுவே அவருக்கு உணவளித்த உத்தியோகமாகும். அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதும் கணக்கேடுகளிடையே கழிந்தது.

இவ்வுத்தியோகத்திலே இருந்துகொண்டே அவர் இருவேறு முயற்சிகளை மேற்கொண்டார். ஒன்று தமிழ் நூற்பதிப்பு. 1868இல், தமது முப்பத்தாறாம் வயதை அடுத்து, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். அதனைப் பரிசோதித்து உதவியவர் ஆறுமுகநாவலர். மற்றையது சட்டக் கல்வி. நாற்பது வயதை அணுகிய நிலையில், 1871இலே அவர் பி. எல். பட்டம் பெற்றார். நிலையான அரசாங்கப் பதவியில் இருந்த குடும்பஸ்தர் ஒருவர் புதிய துறையொன்றைத் தொடக்கத்திலிருந்து கற்க முற்பட்டமை அக்காலத்திற் பொதுவழக்கன்று.

கற்ற சட்டம் பயன்படுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இளைப்பாறியபின் அவர் கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அவ்வூர் அரசினர் கல்லூரியிலே 1880 முதல் தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் இரு பெருந்தூண்கள் சில ஆண்டுகள் ஒரே நகரில் வாழ்ந்தன. பின்னர், திவான் சேஷையா சாஸ்திரியாரின் நிருவாகத்திலே இருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், 1887 முதல் 1890 வரை தாமோதரம்பிள்ளை நீதிபதியாகப் பதவி வகித்தார். 1895இல் அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கியது. உத்தியோக வாழ்க்கையின் வரலாறு இத்துடன் முடிகிறது. மற்றைய வரலாறு இதற்கு இணையாக ஓடியதாகும்.

அழியும் ஏடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பழந்தமிழ் நூல்கள் நெருக்கடியான நிலையை அடைந்திருந்தன. பனையோலை ஏடு நிலையான பொருளன்று. ஈரமும் பூச்சியும் அதனை அரிப்பன. ஆதலால் பழுதுறும் ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதும் வழக்கம் தொடர்ந்து நிகழ்ந்தாலன்றி நூல் நிலைக்காது. மடங்களும் வித்துவான்களின் இல்லங்களும் அவ்வழக்கத்தைப் பேணிவந்தன. ஆயின் அவர்கள் இடையறாது பாடஞ் சொன்ன நூல்களே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. பிற்காலப் புராணங்களும் பிரபந்தங்களும் பரவலாகக் கற்கப்பட்ட அந்நாளிலே, சங்கத்தொகைகளையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பாடங் கேட்போர் அருகினர். கேட்போர் அருகவே எழுதுவோரும் அருகினர்.

1835இலே அச்சியந்திரம் வைத்திருக்கும் உரிமை இந்திய மக்களுக்குக் கிடைத்தபின் தமிழ் நூல்கள் பல அச்சேறத் தொடங்கின. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் மழவை மகாலிங்கையர் வெளியிட்டார். நாவலர் 1851இலே திருமுருகாற்றுப்படையை உரையுடன் பதிப்பித்தார். எனினும் அச்சின் பெரும்பகுதி பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் விலைபோகக்கூடிய நூல்களுக்கே பயன்பட்டது. வாங்குவோர் மிகச் சிலராயுள்ள பழைய இலக்கண நூலொன்றை அச்சிடுதல் வணிகருக்கு ஒவ்வாத காரியமாகும்.

நாவலர் 1879இல் மறைந்தார். அதன் பின்னரே தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணி விரைவுபெறுகின்றது. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனாரகப்பொருள் உரையும் தணிகைப்புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியம், 1892இற் சொல்லதிகாரம் நச்சினார்க்கினியம் என்பன அடுத்தடுத்து வெளிவந்தன. தொல்காப்பியம் ஒன்றனோடு மாத்திரம் அவருக்கிருந்த தொடர்பு 1868 முதல் 1892 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் நீடித்தது. எட்டுத்தொகை நூல்களுள் முழுமையாக முதன்முதல் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. கலித்தொகை வெளிவந்த ஆண்டு, அவர் நீதிபதியாகப் பொறுப்பேற்ற ஆண்டுமாகும்.

உத்தியோகம் தந்த கருவிகள்

பதிப்பாசிரியன் ஒருவன் எதிர்நோக்கிய இடர்ப்பாடுகளை அறிந்தாலன்றி, தாமோதரம்பிள்ளையின் முன்னைய தொழில்கள் அவருக்கு எவ்வாறு உதவின என்பது விளங்காது. ஏட்டெழுத்திலே மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. எரி என்பதும் ஏரி என்பதும், கெடு என்பதும் கேடு என்பதும் ஏட்டிலே ஒன்றுபோலவே தோன்றும். ரகரமும் காலும் வடிவத்தால் ஒத்திருக்கும். செய்யுளடிகள் பிரித்து எழுதப்படுவதில்லை. சூத்திரம் முடியுமிடம், உரை தொடங்குமிடம், உரைகாரர் மேற்கோளாகக் காட்டிய செய்யுள் அமையுமிடம் ஆகியன ஒரே தொடராக ஓடும். இவற்றின்மேல் பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழைகளும் சிதைவுகளும் சேரும். ஒரு நூலுக்குப் பல ஏடுகள் கிடைப்பின் அவை தம்முள் மாறுபடும்.

இத்தகைய நிலையில், முத்துக்குமார கவிராயரிடம் கற்ற யாப்பும் இலக்கணமும் முதற்கருவியாயின. எதுகை மோனையாலும் சீர் தளையாலும் சிதைந்த சொல்லை ஊகித்தறியும் ஆற்றல் பழைய முறைக் கல்வியின் பேறாகும். ஆனால் அது மாத்திரம் போதியதாகாது. சிதைந்த சொல்லை ஊகித்துத் தம் கருத்துக்கு ஏற்பத் திருத்திவிடும் துணிவும் அக்கல்வியிலிருந்தே பிறந்தது. அத்துணிவைக் கட்டுப்படுத்துவதற்கு வேறுவகைப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியைக் கணக்குச்சாலையும் நீதிமன்றமும் அளித்தன எனக் கொள்வது பொருந்தும். கணக்காய்வாளனின் வேலை, ஓர் ஏட்டிலுள்ள பதிவை மற்றோர் ஏட்டிலுள்ள பதிவுடன் வரிவரியாக ஒப்புநோக்குவதாகும். வேறுபாடு காணப்படுமிடத்துத் தன் விருப்பப்படி ஒன்றை அடித்துவிட அவனுக்கு அதிகாரமில்லை. காரணங் காட்டுதல் வேண்டும். பல ஊர்களிலிருந்து வருவித்த பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியனின் வேலையும் இதுவே. பொறுமையும் ஒழுங்கும் இருவருக்கும் பொதுவான பண்புகள்.

சட்டப் பயிற்சியின் தடம் அவருடைய பதிப்புரைகளிலே வெளிப்படையாகத் தெரிகின்றது. தமிழ் நூலொன்றின் ஆசிரியர் யார், காலம் யாது, உரையாசிரியர் யார் என்னும் வினாக்களுக்கு முன்னையோர் பெரும்பாலும் கர்ணபரம்பரைக் கதைகளையே விடையாகக் கூறினர். தாமோதரம்பிள்ளை அக்கதைகளை முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆயினும் அவற்றைச் சாட்சியங்களாகக் கொண்டு விசாரிக்க முற்பட்டார். நூலுக்குள்ளே கிடைக்கும் குறிப்புக்களையும், பிற உரைகாரர் எடுத்தாண்ட இடங்களையும் எடுத்துக்காட்டி, எதிர்த்தரப்பார் கூறக்கூடிய தடைகளை முன்வைத்து, அவற்றுக்கு விடையளித்து, முடிவை நிறுவும் முறை அவருடைய பதிப்புரைகளிற் காணப்படுகின்றது. தமிழிலே ஆராய்ச்சி உரைநடை உருவான வரலாற்றை எழுதுவோர் இப்பதிப்புரைகளைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ஏடு தந்துதவியவர்களை நன்றியுடன் குறிப்பிடும் வழக்கமும் ஆதாரத்தின் மூலத்தை வெளிப்படுத்தும் அதே மனப்பான்மையின் பாற்பட்டதாகும்.

பத்திரிகைத் தொழில் அச்சுக்கூடத்தை அவருக்கு அறிமுகஞ் செய்தது. ஆசிரியத் தொழில் வாசகனின் தேவையை உணர்த்தியது. பாடசாலை மாணவருக்கென அவர் வாசகங்களை எழுதினார். விருத்தப்பாவால் அமைந்த சூளாமணியின் கதையை வசனமாகவும் எழுதினார். ஏழாலையிலே தாம் தாபித்த பாடசாலையிற் சுன்னாகம் குமாரசுவாமிப்புலவரை ஆசிரியராக நியமித்தார். அருமையான நூல் வித்துவான்களின் கையிலே தங்கிவிடலாகாது. மாணவனையும் அடைதல் வேண்டும் என்ற நோக்கம் இவற்றினூடாக ஓடுகின்றது.

ஆகவே, ஆசிரியர், பத்திரிகாசிரியர், கணக்காளர், வழக்கறிஞர், நீதிபதி என ஐவரை ஒருவரிடத்திலே கண்டு வியப்பது மேலோட்டமான பார்வையாகும். ஐந்து தொழில்களிலும் அவர் கற்றவை ஒரு பணியிலே வந்து கூடின என்பதே வரலாற்று நோக்கிலே முக்கியமானது. தொழில்தோறும் முன்னையதை மறந்து புதியதைத் தொடங்கியிருப்பின், அவர் பல பதவிகளை வகித்த ஒருவராக மாத்திரமே எஞ்சியிருப்பார்.

சமய எல்லைகளைக் கடந்த கல்வி

அவர் தேர்ந்தெடுத்த நூல்களின் பட்டியலை நோக்கும்போது மற்றோர் உண்மை புலப்படுகின்றது. வீரசோழியம் புத்தமித்திரனார் என்னும் பௌத்தர், பதினோராம் நூற்றாண்டிலே வீரராசேந்திர சோழன் பெயரால் இயற்றிய இலக்கணம். சூளாமணி தோலாமொழித்தேவர் இயற்றிய சமண காவியம். தணிகைப்புராணம் கச்சியப்பமுனிவர் இயற்றிய சைவநூல். தாமோதரம்பிள்ளையோ சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதிய, சமயப்பற்று மிக்க சைவர். புறச்சமயத்தார் நூல்களைப் பயிலுதலே தகாது எனக் கருதியோர் வாழ்ந்த காலத்திலே, பௌத்தரின் இலக்கணத்தையும் சமணரின் காவியத்தையும் தமிழ்ச் செல்வங்களாக மதித்து அவர் வெளியிட்டார். பற்றும் அறிவும் தத்தம் எல்லையில் நின்றமையால் இது சாத்தியமாயிற்று.

பிழைகளும் அவற்றின் பயனும்

தாமோதரம்பிள்ளையின் முடிவுகள் யாவும் நிலைபெற்றன எனக் கூறுதல் இயலாது. 1885இல் வெளியிட்ட பொருளதிகாரப் பதிப்பிலே உரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதாகவே அவர் கருதினார். அதன் பிற்பகுதியிலுள்ள மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் நான்கு இயல்களுக்கும் அதில் அமைந்திருந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர்ச் செந்தமிழ் இதழின் முதலாசிரியர் ரா. இராகவையங்கார் தக்க காரணங்களுடன் நிறுவினார். கலித்தொகைக்கு நல்லந்துவனார் கலித்தொகை எனப் பெயரிட்டு, அதனை ஒரு புலவரின் ஆக்கமாகத் தாமோதரம்பிள்ளை கொண்டார். 1925இலே அதனை மீளப் பதிப்பித்த இ. வை. அனந்தராமையர் ஐவர் பாடியதாகக் கொள்ளும் மரபைத் தழுவினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் மீண்டும் ஒருவரே பாடினர் என்னும் கருத்தை வலியுறுத்தினர். வீரசோழியப் பதிப்புரையிலே தமிழிலக்கிய வரலாற்றை அபோத காலம் முதல் ஆதீன காலம் ஈறாக எட்டுக் காலங்களாக அவர் வகுத்த முறையும் இன்று எவராலும் பின்பற்றப்படுவதில்லை.

இவற்றைக் குறைகளாக எண்ணி ஒதுக்குதல் எளிது. ஆயின் ஒரு வினா எழுகின்றது. பொருளதிகாரம் அச்சாகாதிருந்தால் அதன் உரையாசிரியர் யார் என்னும் விவாதத்துக்கே இடமுண்டோ? பதிப்புரைகளிலே தாமோதரம்பிள்ளை தமது பதிப்பிற் பிழைகள் இருத்தல் கூடும் என்பதை ஒளிக்கவில்லை. குற்றங்களைத் திருத்துமாறு கற்றோரை வேண்டினார். பிழையற்ற பதிப்புக்காகக் காத்திருப்பின் ஏடுகள் காத்திரா என்பது அவர் நிலைப்பாடு. எல்லாம் அறிந்தபின்னரே எழுதுவேன் என்ற கொள்கை அறிஞனின் புகழைக் காக்கலாம், நூல்களைக் காக்காது. தம்மை ஆசிரியராகக் கருதாது மாணவராகவே கருதிய ஒருவரால்தான் பிழை நேரும் என்று அறிந்தே ஒரு பணியைத் துணிந்து செய்தல் முடியும்.

பொருளிழப்பும் அவருக்கு நேர்ந்தது. தமது கைப்பொருளையும் செலவிட்டே நூல்களை வெளியிட்டார். வாங்குவோர் இன்மையும் கற்றோர் சிலரின் பாராமுகமும் அவருடைய பதிப்புரைகளிலே மனவேதனையுடன் குறிப்பிடப்பட்டுள்ளன. உத்தியோகத்தால் ஈட்டிய பொருள் கல்விக்குச் செலவாயிற்று. உத்தியோகத்துக்காகக் கல்வி என்னும் வழமை இங்கே தலைகீழாக மாறியமை காணத்தக்கது.

சமூகப் பின்னணி

இவ்வரலாற்றைத் தனிமனிதரின் முயற்சியாக மாத்திரம் விளக்குதல் முழுமையானதாகாது. மிஷனரிமாரின் கல்வி, காலனித்துவ அரசாங்கம் திறந்துவிட்ட உத்தியோகங்கள், ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே தடையின்றி நிகழ்ந்த போக்குவரத்து, புதிய அச்சுத்தொழில், உபகாரச்சம்பளம் அளித்த ஓய்வு ஆகியன யாவும் ஒருங்கு கூடியமையாலேயே தாமோதரம்பிள்ளை போன்ற ஒருவர் தோன்ற முடிந்தது. அவ்வாய்ப்புக்கள் எல்லோருக்கும் கிட்டியவை அல்ல. சாதியாலும் வறுமையாலும் பாடசாலை வாயிலுக்கு வெளியே நின்றோர் அக்காலத்திலே பெருந்தொகையினர். பெண்களுக்கு உயர்கல்வியின் கதவு திறக்கப்படவில்லை. அவர்களுள் எத்தனை பேர் இத்தகைய கல்வி வேட்கை உடையவராயிருந்தனர் என்பதை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை.

ஆயினும் சூழ்நிலை யாவற்றையும் விளக்கிவிடாது. அதே செமினரியிலே பயின்று, அதே கணக்குச்சாலைகளிலும் நீதிமன்றங்களிலும் பணியாற்றியோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் நற்பெயருடன் இளைப்பாறினர். வாய்ப்பு அவர்களுக்கும் இருந்தது. மாலை வேளையில் ஏட்டை அவிழ்த்துப் படிக்க வேண்டும் என்னும் நியதி எவருக்கும் இருந்ததில்லை. அதனை ஒருவர் தாமாகவே தம்மீது விதித்துக்கொண்டார்.

முடிவுரை

தாமோதரம்பிள்ளை 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி காலமானார். அவருடைய கணக்குப் பதிவுகளை இன்று எவரும் தேடுவதில்லை. அவர் அளித்த தீர்ப்புக்களும் பேசப்படுவதில்லை. ஆனால் அவற்றைச் செய்த காலத்திலே அவரிடம் படிந்த ஒப்புநோக்கும் பழக்கமும், சான்று கேட்கும் பழக்கமும் தமிழாராய்ச்சியிலே கலந்து நிலைபெற்றுவிட்டன.

கல்வி இன்று பல்கலைக்கழகங்களிலே துறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கணக்கியல் மாணவன் இலக்கணத்தையும், தமிழ் மாணவன் சட்டத்தையும் தனக்குப் புறம்பானவையாக எண்ணுகிறான். ஆழ்ந்த அறிவுக்குப் பகுப்பு அவசியமே. ஆயின் பட்டத்துடன் ஒரு துறை முடிகிறது, உத்தியோகத்துடன் கல்வி முடிகிறது என்னும் இரு எண்ணங்களும் அப்பகுப்புடன் சேர்ந்தே வளர்ந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் பட்டம் பெற்றபின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கற்றுக்கொண்டே இருந்தார். அறுபதாவது வயதிலே, 1868இல் தாம் வேறோர் உரையுடன் வெளியிட்ட அதே சொல்லதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் மீண்டும் எடுத்து, முதலெழுத்திலிருந்து பார்த்துப் பதிப்பித்தார். பட்டதாரி என்னும் சொல்லுக்கு அவர் தந்த பொருள் அதுவாகும்.